பிந்தி வரும் கால்களுக்காக

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் அழகாபுரியைக் கடந்து ஸ்ரீவில்லிபுத்தூரை நோக்கி வரும் பிரயாணிக்கு, மேற்கு மலைத்தொடர் கண்ணுக்கு அணித்தாக வரத் தொடங்கும் இடத்தில் கிருஷ்ணன்கோவில் என்ற ஊர் எதிர்ப்படுகிறது. பேருந்தில் போகிறவர்களுக்கு அது ஒரு பல்கலைக்கழகத்தின் வாசல்; வத்திராயிருப்பு பஸ்ஸுக்காக இறங்கி நிற்கும் முக்கு. காலால் நடந்து தெய்வத்தைக் காணப் போகிறவர்களுக்கோ அது பல யாத்திரைகள் கூடிப் பிரிகிற ஸ்தானம். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறவர்கள் இங்கே மேற்கு நோக்கித் திரும்பி, வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறையை அடைகிறார்கள்; புரட்டாசிச் சனிக்கிழமைகளில், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைக் குன்றில் எழுந்தருளியிருக்கும் சீனிவாசப் பெருமாளைச் சேவிக்கச் சுற்றுவட்டார ஜனங்கள் விடியுமுன்பே நடக்கத் தொடங்குகிறார்கள்; கார்த்திகை பிறந்தால் கருப்பும் நீலமும் உடுத்த ஐயப்பமார்கள் செங்கோட்டையை நோக்கிச் செல்கிறார்கள்; மார்கழியிலும் தையிலும் பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாகத் திருச்செந்தூர் முருகனை நாடுகிறவர்கள், ராஜபாளையம், சங்கரன்கோவில், திருநெல்வேலி என்று 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைத் தங்கள் பாதங்களாலேயே அளந்து தீர்க்கிறார்கள்.

இந்த யாத்திரிகர்களை வெகுகாலமாகப் பார்த்துவரும் எனக்கு ஒரு விஷயம் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கணவனும் மனைவியுமாக ஒரே சந்நிதியில் மாலை அணிந்து, ஒரே விரதத்தை ஏற்று, ஒரே குழுவில் பெயர் கொடுத்துப் புறப்படும் தம்பதியர், ஊரெல்லையைத் தாண்டுவதற்குள் இரு வேறு யாத்திரிகர்களாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஆடவர்கள் கொடி பிடித்தவரை ஒட்டி வேகநடையில் முன்னே போகிறார்கள்; பெண்கள், அவர்களிலும் மூட்டுவலிக்காரர்களும் நாற்பதைக் கடந்தவர்களும், அரை மைல் பின்னால், ஒலிபெருக்கியின் பாட்டு காதில் தேய்ந்து மறைகிற தூரத்தில், ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு வருகிறார்கள். முன்னே போனவர் அடுத்த மண்டபத்தில் குளித்துச் சாப்பிட்டுத் துண்டை விரித்துப் படுத்த பிறகே பின்னே வந்தவள் வந்து சேர்கிறாள். அவள் கால் நீட்டுவதற்குள் அடுத்த நடைக்கு மணி அடித்துவிடுகிறது. ஆறேழு நாட்களின் முடிவில் இருவரும் செந்தூர்க் கடலில் நீராடுகிறார்கள் என்பது மெய். ஆனால் அவர்கள் சேர்ந்து நடந்தார்கள் என்று சொல்வதற்கு நாக்குக் கூசுகிறது.

தம்பதியாக யாத்திரை செய்வதன் சாரம் முழுவதும், வேகம் குறைந்தவரின் நடைக்கு வேகம் மிகுந்தவர் தம்மை உட்படுத்திக்கொள்வதில் அடங்கியிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். விரதத்தில் உணவைக் குறைக்கிறோம், உறக்கத்தைக் குறைக்கிறோம், செருப்பைத் துறக்கிறோம். இவற்றையெல்லாம் துறக்க முடிந்த ஆண்மகன் தன் வேகத்தை மட்டும் துறக்க மறுப்பானேயாகில், அந்த விரதத்தில் பெரியதொரு பகுதி நிறைவேறாமலே நின்றுவிடுகிறது.

இப்பகுதியின் ஜீவனத்தை அறிந்தவர்கள் இதை நான் ஏன் இவ்வளவு முக்கியமாகக் கருதுகிறேன் என்பதை உணர்வார்கள். ராஜபாளையத்துப் பஞ்சாலைகளில் ஷிப்டு முறையில் வேலை நடக்கிறது. சத்திரப்பட்டியில் காயங்களுக்குக் கட்டும் துணியை நெய்யும் தறிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கணவன் இரவு ஷிப்டு முடித்து வரும்போது மனைவி காலை ஷிப்டுக்குச் சாப்பாட்டுத் தூக்குடன் வாசல் இறங்குகிற குடும்பங்கள் இங்கே ஒன்றிரண்டல்ல. மணமாகிப் பிள்ளை பெற்று, சீட்டுக் கட்டி, வீடு கட்டி, பெண்ணைக் கட்டிக்கொடுத்து முடிக்கும்வரை இருவரும் ஒரு முழுப் பகலைச் சேர்ந்தாற்போல் கழித்திருப்பது அபூர்வம். அத்தகைய இருவருக்கு வருஷத்தில் ஒரு வாரம், சம்பாத்தியக் கவலையும் அடுப்படி வேலையும் இல்லாமல், ஒரே திசையில் நடப்பதற்கு வாய்க்கிறது. அந்த வாரத்தையும் அரை மைல் இடைவெளியில் கழிக்கச் செய்வது அநியாயம்.

சதுரகிரியில் சொல்லப்படும் ஸ்தல வரலாறுகளை நினைக்கும்போதெல்லாம், அந்த மலை இந்த விஷயத்தையே நமக்கு உபதேசிப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கோட்டையூரில் பச்சைமால் என்ற இடையனும் அவன் மனைவி சடைமங்கையும் வாழ்ந்தார்கள். மலையில் மேயும் மாடுகளின் பாலை நாள்தோறும் வீட்டுக்குச் சுமந்து வருவது அவள் வேலை. வழியில் ஒரு துறவி பால் கேட்க, அவள் கொடுத்தாள், மறுநாளும் கொடுத்தாள், அது வழக்கமாயிற்று. வீட்டுக்கு வரும் பால் அளவில் குறைவதைக் கண்ட பச்சைமால், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மறைந்து மறைந்து அவளைப் பின்தொடர்ந்தான்; துறவிக்கு அவள் பால் வார்ப்பதைக் கண்டான்; கோபம் கண்ணை மறைக்க அவளை அடித்தான். தனக்கு அன்னமிட்டதற்காக அடிபட்ட அந்தப் பெண்ணின்மேல் இரக்கம் கொண்ட துறவி, அவளைச் சடதாரி என்ற பெயரால் காவல் தெய்வமாக்கினார். மனைவியை இழந்த பச்சைமால் துயரம் தாளாமல் சுந்தரானந்த சித்தரின் பூஜைக்குப் பால் கொடுத்துக்கொண்டு மலையிலேயே காலங்கழித்தான். அங்கும் அவன் கோபம் அவனை விடவில்லை. பசுவின் மடியில் வாய் வைத்துப் பாலருந்திய ஒருவரைக் கம்பால் அடித்துவிட்டு, அடிபட்டவர் சிவபெருமானே என்று அறிந்து பதறினான். சற்றே சாய்ந்த திருமேனியோடு இன்றும் காட்சி தருகிற சுந்தர மகாலிங்கம் அவனுக்கு வாய்த்த தரிசனத்தின் சின்னம் என்று மலையேறுகிறவர்கள் நம்புகிறார்கள்.

பாலைக் காய்ச்சிப் பால்கோவாவாக்கி நாடெங்கும் அனுப்புகிற இந்தச் சீமையில், பாலின் அளவு குறைந்ததால் ஒரு குடும்பம் குலைந்த கதை வழங்குவதில் வியப்பில்லை. என் மனம் தங்கி நிற்பது வேறோர் இடத்தில். சடைமங்கை தினமும் அந்த மலைவழியில் தனியே நடந்தாள். பச்சைமாலும் ஒருநாள் அதே வழியில் நடந்தான். ஆனால் பின்னால், ஒளிந்து. ஒருநாளேனும் அவன் அவளோடு பக்கத்தில் நடந்து சென்றிருந்தால், துறவியை அவனும் கண்டிருப்பான். பால் வார்த்த கை அவனுடையதாகவும் இருந்திருக்கும். ஒரே பாதையில் முன்பின்னாக நடந்த இருவருக்கு இடையே சந்தேகம் புகுவதற்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதை அந்தக் கதை காட்டுகிறது.

சுந்தர மகாலிங்கத்தைத் தரிசித்து இன்னும் சிறிது ஏறினால் சந்தன மகாலிங்கம். சிவனை மட்டுமே வலம்வருவேன் என்று பிடிவாதமாக அம்பிகையைப் புறக்கணித்த பிருங்கி முனிவரின் செய்கையால் மனம் நொந்த பார்வதி, இங்கு வந்து சந்தனத்தால் லிங்கம் அமைத்துத் தவமிருந்து, இறைவனுடைய மேனியில் பாதியைப் பெற்றாள் என்பது அந்தச் சந்நிதியின் வரலாறு. தாணிப்பாறையிலிருந்து, வழுக்குப்பாறையில் கையூன்றி, கோரக்கர் குகையையும் இரட்டை லிங்கத்தையும் கடந்து, பிலாவடிக் கருப்பரிடம் மூச்சு வாங்கி நின்று, ஏறக்குறைய 8 முதல் 10 கிலோமீட்டர் ஏறி வருகிற ஒரு தம்பதிக்கு, முதலில் பிரிந்தவர்களின் கோயிலும் அடுத்துப் பாதி உடம்பைப் பகிர்ந்துகொண்டவர்களின் கோயிலும் காத்திருக்கின்றன. இதைவிடச் சிறந்த வைபவத்தை எந்தக் கல்யாண மண்டபமும் அவர்களுக்குச் செய்துவிட முடியாது.

மாலை அணிந்தவர்களுக்குப் பிரம்மச்சரியம் விதிக்கப்பட்டிருக்க, தம்பதியராக நடப்பது விரதத்துக்கு விரோதம் அல்லவா என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். விரதம் தடுப்பது இச்சையை. பரிவை எந்த சாஸ்திரமும் தடுத்ததாக நான் அறியேன். இச்சை ஒதுங்கியிருக்கும் அந்த நாட்களில்தான், கொப்புளம் வெடித்த காலுக்கு மஞ்சளரைத்துப் பூசுவதும், தண்ணீர்ப் பாட்டிலைத் தன் தோளுக்கு மாற்றிக்கொள்வதும், வெயில் படாத பக்கத்தை மற்றவருக்கு விட்டு நடப்பதும் தம்மளவில் பூரண அர்த்தம் பெறுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் சந்நிதியிலே ஆண்டாள் தனியே நிற்கவில்லை; ரங்கமன்னாரோடு, கருடாழ்வாரும் உடனிருக்க, ஒரே கர்ப்பக்கிருகத்தில் சேவை சாதிக்கிறாள். அப்படிப்பட்ட க்ஷேத்திரத்தின் எல்லையில் வாழ்கிறவர்கள், மனைவியோடு நடப்பதால் பக்திக்கு மாற்றுக் குறையும் என்று அஞ்சுவது பொருத்தமாக இல்லை.

தமிழில் கணவனும் மனைவியும் நடந்த நடைகளுள் தலையாயது கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தது. அது தெய்வ யாத்திரை அன்று; சிலம்பை விற்றுப் பிழைக்கப் போன பயணம். எனினும் இளங்கோவடிகள் அதைச் சொல்லியிருக்கும் முறையைப் படிக்கும்போது, நடையின் இயல்பை அவர் எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார் என்று நெஞ்சு நெகிழ்கிறது. முதற்காதத்தைக் கடப்பதற்குள் பாதம் நொந்துபோன கண்ணகி, மதுரை என்னும் மூதூர் எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். முப்பது காதம் இருப்பதை அறிந்த கோவலன், பக்கந்தான் என்று சொல்லி நகைக்கிறான். அந்த நகைப்புக்குள் ஒரு மனிதனின் குற்றவுணர்ச்சி அவ்வளவும் அடங்கியிருக்கிறது. அவர்களோடு சேர்ந்துகொண்ட கவுந்தியடிகள் முதியவர். ஆகவே வழிநடை அவருக்கும் கண்ணகிக்கும் ஏற்றவாறு நாளொன்றுக்கு ஒரு காதம் என்ற கணக்கில் மெல்லச் செல்கிறது. பாண்டிநாட்டு வெயிலில் பகலைத் தவிர்த்து நிலவில் நடக்கிறார்கள். புகாரில் மாளிகையில் வாழ்ந்த காலத்தில் கோவலன் கேட்காத மன்னிப்பை, இந்த நடை முடிந்து மதுரையில் அடைக்கலம் தந்த மாதரியின் சிறுகுடிலில் உண்டு முடித்த பின்பே கேட்கிறான். அத்தனை காலமும் வாய் திறந்து குறை சொல்லாத கண்ணகியும் அங்கேதான் அவன் ஒழுக்கம் தவறியதை நேருக்கு நேர் எடுத்துச் சொல்கிறாள். பல நாள் உடன் நடந்தவர்களுக்கு ஒருவரிடம் ஒருவர் உண்மை பேசும் துணிவு வந்துவிடுகிறது. அந்தத் துணிவு பிறந்த மறுகணமே விதி அவர்களைப் பிரித்தது என்பது காவியத்தின் கொடுமை.

பாரத தேசத்தில் தம்பதியரை யாத்திரையின் நடுவில் வைத்துக் கௌரவிக்கிற வழக்கமும் இல்லாமல் இல்லை. மராட்டியத்தில் ஆஷாட ஏகாதசியை ஒட்டி ஞானேஸ்வரரின் பாதுகைகளைப் பல்லக்கில் ஏந்திக்கொண்டு, ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தூரத்தை மூன்று வார காலம் வார்கரிகள் எனப்படும் பக்தர்கள் நடக்கிறார்கள். பெண்கள் துளசி மாடத்தைத் தலையில் தாங்கி அந்தப் பவனியின் அங்கமாகவே செல்கிறார்கள். பின்தங்கிய கூட்டமாக அல்ல. ஏகாதசியன்று விடியற்காலையில் மாநில முதலமைச்சர் தம் மனைவியோடு, அத்தலத்துக் கண்ணனாகிய விட்டலனுக்குப் பூஜை செய்யும்போது, தரிசன வரிசையில் நின்றிருக்கும் ஒரு சாதாரண வார்கரித் தம்பதியையும் அழைத்து உடன் அமர்த்துகிறார்கள். அரசுப் பேருந்துகளில் ஓராண்டு இலவசமாகப் பயணம் செய்ய அவர்களுக்கு ஓர் அனுமதியும் வழங்குகிறார்கள். உழவுத்தொழில் செய்யும் ஒருவனும் அவன் மனைவியும் அன்றைக்கு ராஜ்யத்தின் தலைவருக்குச் சமமாக இறைவன் முன் நிற்கிறார்கள். கோபித்துக்கொண்டு துவாரகையை விட்டுப் போன ருக்மிணியைத் தேடிக் கண்ணன் வந்து சேர்ந்த இடமே பண்டரிபுரம் என்பது அந்தத் தலத்தின் ஐதிகங்களுள் ஒன்று. கண்ணன் பெயரையே தாங்கிய ஊரில் இருந்துகொண்டு இதை எண்ணும்போது, மனைவிக்காக வழி நடந்த அந்தக் கண்ணனை நம் யாத்திரைக் குழுக்கள் சற்று நினைத்துப் பார்க்கலாகாதா என்று தோன்றுகிறது.

இனி, பேசக் கூசுகிற ஆனால் பேசியே தீரவேண்டிய சில காரியங்கள். நம் நெடுஞ்சாலையில் ஆண்களுக்கு வழியெங்கும் இயற்கையின் உபாதைக்கு இடம் உண்டு, பெண்களுக்கு இல்லை. ஆகவே அவர்கள் விடியற்காலை 3 மணி நடைக்கு முன் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். வெயிலில் மயங்கி விழுகிறவர்களில் பெண்கள் அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. மாதவிலக்கு யாத்திரையின் நடுவே வந்துவிடக் கூடாதென்று, மருத்துவரிடம் கேட்காமலே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி நாள்கணக்கில் விழுங்குகிற வழக்கம் பல ஊர்களிலும் பரவியிருக்கிறது. இரத்த உறைவு நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு அத்தகைய மாத்திரைகள் ஆபத்தானவை; ஆகையால் மருத்துவரின் ஆலோசனையின்றி அவற்றை உட்கொள்வது தகாது. கூட வருகிற கணவனுக்கு இதில் ஒன்றுமே தெரியாமல் இருப்பதை நான் பலமுறை கண்டு வருந்தியிருக்கிறேன். மனைவியோடு யாத்திரை போகிறவன், மாலை போடுவதற்கு முன் அவளை ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதையும் விரதத்தின் முதல் நியமமாகக் கொள்ள வேண்டும்.

மலைவழியின் அபாயமும் அற்பமானதல்ல. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் சதுரகிரி ஓடைகளில் திடீரென்று வெள்ளம் பெருகிப் பக்தர்கள் உயிரிழந்தது இந்த வட்டாரம் மறக்காத துக்கம். அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டிய சில நாட்களில் மட்டுமே மலையேற விடுகிற வழக்கம் அதன் பின்னர் பல ஆண்டுகள் நீடித்தது. 2021-இல் இந்த மலைகள் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருப்பதால், வனத்துறையின் கட்டுப்பாடுகள் இருப்பதும் நியாயமே. ஆனால் காலையில் ஏறி அன்றைக்கே இறங்கிவிட வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் முதலில் கைவிடப்படுவது யார் என்று பாருங்கள்: மெதுவாக ஏறுகிற பெண்மணி. "நீ கீழேயே இரு, நான் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று சொல்லித் தாணிப்பாறையில் மனைவியை உட்கார்த்திவிட்டுப் போகிற கணவர்கள் எத்தனை பேர்! சந்தன மகாலிங்கத்தின் கதையை நினைத்தால், அப்படிப் போனவருக்கு மேலே கிடைக்கும் தரிசனம் பாதித் தரிசனமே.

சமவெளிச் சாலையின் நிலைமை வேறு. திருமங்கலம் தொடங்கி ராஜபாளையம் வரை நெடுஞ்சாலை நான்கு வழியாக விரிவடைகிறது. வாகனங்களுக்கு அது பெரும் சௌகரியம், வியாபாரத்துக்கும் தேவை. இருளில் நடக்கிற பக்தருக்கோ, விரிந்த சாலை என்பது விரைந்து வரும் லாரி. போலீசார் முதுகில் ஒட்டிவிடும் ஒளிரும் பட்டை ஒன்றே இன்று அவருக்குக் காவலாக இருக்கிறது. இருவர் பக்கத்தில் பக்கத்தில் நடப்பதற்கு இடமில்லாத சாலையோரத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போவதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆகவே தம்பதியர் பிரிந்து நடப்பதற்கு ஆடவர்களின் அவசரத்தை மட்டும் குறைகூறி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையோரத்தில், பராமரிப்புக் குறைகள் இருப்பினும், பாதயாத்திரை பக்தர்களுக்கென்றே தனி நடைபாதை இருக்கிறது. முருகனை நாடிப் பழனிக்குச் செல்கிறவர்களுக்குத் தகுந்தது, அவனையே நாடிச் செந்தூருக்குச் செல்கிறவர்களுக்கும் தகும். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள், ஒரு பெண்ணரசி, சாலைகளோடு சத்திரங்களையும் சேர்த்தே அமைத்தாள். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நாட்டி, தலைச்சுமையோடு வருகிறவர்கள் இளைப்பாற வழிசெய்தவர்கள் நம் குடியானவர்கள். சாலை என்பது விரைகிறவர்களுக்கு மட்டுமானதல்ல என்பதை அறிந்திருந்த நாடு இது.

யாத்திரைக் குழுக்களை நடத்தும் குருசாமிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சமையலும் மண்டபமும் நேரத்துக்கு நடக்க வேண்டும் என்ற உங்கள் சிரமம் எனக்குத் தெரியாததன்று. வயதானவர்களையும் தம்பதியராக வருகிறவர்களையும் தனிப் பிரிவாக்கி, மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பாக, குழுவில் அனுபவமிக்க இருவரைத் துணையாகச் சேர்த்து அனுப்பிவிட்டால், எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரலாம். நாள்தோறும் நடக்கும் தூரத்தைச் சற்றுக் குறைத்து யாத்திரையை ஒரு நாள் நீட்டினாலும் பாதகமில்லை. பஞ்சாலை முதலாளிகள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போல, கணவனும் மனைவியும் ஒரே ஆலையில் வேலை செய்தால் இருவருக்கும் ஒரே வாரத்தில் விடுப்பளிக்க இசைவார்களேயானால் அது பெரும் தர்மம்.

ஊராட்சிகள் செய்யவேண்டியதும் பெரிய காரியமல்ல. அழகாபுரி, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லை, ராஜபாளையத்துக்கு முந்திய ஊர்கள் என்று, இரண்டு மணி நேர நடைக்கு ஓரிடமாகப் பெண்களுக்குக் கழிப்பறையும் குளியலறையும் விளக்கொளியோடு கட்டி, பூட்டும் சாவியும் அந்தந்த ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவினரிடம் ஒப்படைக்க வேண்டும். துப்புரவுக்கு அவர்களுக்கு மாதந்தோறும் ஊதியமும் தர வேண்டும். கார்த்திகையில் மாலை போட்ட பின்பு இதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சுவரெழுப்பவும் குழாய் இழுக்கவும் ஐப்பசி மழைக்கு முந்திய மாதங்களே தக்கவை.